கல்லாப்பெட்டியின் அடியில்

இஷாத் தொழுகை முடிந்து வாப்பா கடைக்குத் திரும்பியதும் கல்லாப்பெட்டியைப் பாயில் கவிழ்ப்பது வழக்கம். அந்த ஓசையைக் கேட்பதற்காகவே நான் உறங்காமல் காத்திருப்பேன். இராமநாதபுரம் கடற்கரையில் எங்களுடையது ஒரு சிறு மளிகைக்கடை. 1966-ஆம் ஆண்டு எனக்குப் பதின்மூன்று வயது. சில்லறையை வகை பிரித்துப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவது என் பொறுப்பு. எண்ணுகின்ற சாக்கில் ஒவ்வொரு காசையும் அரிக்கேன் விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்ப்பது நானாக ஏற்படுத்திக்கொண்ட வேலை.

அந்நாளில் கல்லாவில் என்னதான் கிடைக்காது! பதினாறு அணாவும் அறுபத்து நான்கு காலணாவும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடியும் சேர்ந்தால் ஒரு ரூபாய் என்றிருந்த கணக்கு மாறி, 1957 ஏப்ரல் முதல் நாளில் நூறு நயா பைசா என்றாயிற்று. 1964 ஜூன் மாதத்தில் ‘நயா’ என்ற அடைமொழியும் போயிற்று. ஆயினும் பழைய காசுகள் எங்கேயோ ஒளிந்திருந்து அவ்வப்போது தலைகாட்டின. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட ஓட்டைக் காலணாவும் வரும். கொழும்புக்கும் பினாங்குக்கும் போய்வந்த சபராளிகளின் பைகளிலிருந்து, இலங்கையின் சதுர ஐந்து சதமும் மலாயாவின் சதுர ஒரு சென்ட்டும் எப்படியோ எங்கள் கல்லாவுக்குள் குடியேறிவிடும். “செல்லாக்காசை வாங்கியிருக்கிறாயே” என்று வாப்பா என்னைக் கடிந்துகொள்வார். அவற்றையெல்லாம் நான் ஒரு தகர டப்பாவில் சேர்ப்பேன்.

இந்தப் பித்துக்குக் கண் திறந்து வைத்தவர் எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். “தலையைப் பார்க்காதே, தம்பி, ஆண்டைப் பார், அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்” என்பார். ஒரே ஆண்டில் ஒரே வகைக் காசு இரண்டு மூன்று ஊர்களில் அடிக்கப்பட்டிருக்கும். கல்கத்தாச் சாலையில் அடித்ததற்கு அடையாளம் எதுவும் இராது. பம்பாய்க்குப் புள்ளியோ வைரம் போன்ற சாய்சதுரமோ இருக்கும். ஐதராபாத்துக்கு நட்சத்திரம். (1988-இல் வேலையைத் தொடங்கிய நொய்டாச் சாலை, வட்டப்புள்ளியைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது.) ஓர் ஊரில் கோடிக்கணக்கில் அடித்த காசு மற்றோர் ஊரில் சில இலட்சமே அடிக்கப்பட்டிருந்தால், அந்தச் சிறு புள்ளிதான் விலையை நிர்ணயிக்கும். பழமை மட்டுமே விலையைத் தருவதில்லை என்பதை அவர் பலமுறை சொன்னார். விக்டோரியா காலத்துக் காலணா எத்தனை பழையதாயினும் மலிந்து கிடப்பதால் மலிவுதான்.

அவர் என் மனத்தில் பதித்த காசு ஒன்று உண்டு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு முதன்முதலாக வெளிவந்த வெள்ளி ரூபாய் அது. மன்னரின் அங்கியில் விருதுச் சங்கிலி ஒன்று தொங்கும். அதில் ஒரு யானை. செதுக்கியவர் துதிக்கையையும் கால்களையும் குட்டையாக அமைத்துவிட்டதால் அது பன்றிபோல் தோன்றியது. முஸ்லிம்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அரசு அக்காசை நிறுத்திவிட்டு, மறு ஆண்டு துதிக்கை நன்றாகத் தெரியும்படி திருத்தி அடித்தது. அடித்தவை ஏறத்தாழ 94 இலட்சம், வெளியே போனவை ஏழு இலட்சம் அளவுக்கே, எஞ்சியவை உருக்கப்பட்டன. “உன் பாட்டனார்களின் கோபத்தால் அரிதாகிப்போன காசு அது” என்று ஆசிரியர் சிரிப்பார். மதுரையில் நாணயம் சேர்ப்போர் அதற்கு வெள்ளி விலையைப்போல் சில மடங்கு கொடுப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் இரவு அந்தக் காசு எங்கள் பாயில் விழுந்தது.

நிக்கல் ரூபாய்களின் நடுவே சற்றே அகன்று, கறுத்து, கனத்துக் கிடந்தது. ஆண்டைப் பார்த்தேன், 1911. அடியில் புள்ளியில்லை, கல்கத்தா. யானை உண்மையிலேயே யானையாக இல்லை. என் கை நடுங்கியதை வாப்பா கவனித்துக் காசை வாங்கிப் பார்த்தார். “வெள்ளியல்லவா இது? யாரோ விளக்கு மங்கலில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்” என்றார். அன்று மஃரிபுக்குப் பின் ரூபாயாகக் கொடுத்துப் பச்சரிசி வாங்கியவர் ஒருவரே. தெருவெல்லாம் ‘இடியப்ப உம்மா’ என்று அழைக்கும் மூதாட்டி அவர். பார்வை மங்கியவர். அவருக்குத் துணையென்று ஒரு பேத்தி மட்டும் உண்டு.

மறுநாள் சுபுஹுக்குப் பின் வாப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் குடிசைக்குச் சென்றார். காசைத் தடவிப் பார்த்ததும் அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் அதுபோல் நான்கு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. கபன் துணிக்கென்று கணவர் விட்டுச்சென்றவை. “ஒன்று குறைந்ததை இராத்திரியே கண்டேன், தம்பி. யாரைப் போய்க் கேட்பேன்?” என்றார். வாப்பா காசை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் சற்று யோசித்துவிட்டு, பேத்திக்குக் காய்ச்சல், மருந்துக்குப் பணமில்லை, இதை நீங்களே எடுத்துக்கொண்டு விலையைக் கொடுங்கள் என்றார்.

வாப்பா நேரே பொற்கொல்லரிடம் போய் நிறுத்தார். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளியைப் பாதியாக்கி, 1947-இல் முழு நிக்கலாக்கியதற்கு முந்திய ரூபாய். அன்றைய வெள்ளி விலையைக் கணக்கிட்டு, நாலணாவும் கூடுதலாக வைத்து மூதாட்டியிடம் கொடுத்தார். அவர் துஆச் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வாப்பாவுக்குத் தெரிந்தது வெள்ளியின் விலை; அதில் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆண்டின் விலை தெரிந்தவன் நான் ஒருவனே. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் காசு மதுரைக்குப் போயிருக்கும். எனக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது. காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே பெயரை வைத்த மொழியில் பிறந்தவன் நான் என்பதெல்லாம் அன்று நினைவுக்கு வரவில்லை.

அவ்வருடப் பெருநாளைக்கு வாப்பா அந்தக் காசை எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். ஆசிரியர் வியக்கவேண்டுமென்று புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். புதுக்காசுபோல் பளபளத்தது. ஆசிரியரின் முகம் சுருங்கிவிட்டது. “ஐம்பது ஆண்டுகளில் படிந்த தோலை உரித்துவிட்டாயே! இனி இதை எவன் வாங்குவான்?” என்றார். மறு ஆண்டு இடியப்ப உம்மா மௌத்தானார். முடிச்சிலிருந்த எஞ்சிய காசுகள் என்னவாயின என்று நான் விசாரிக்கவில்லை.

பிழைப்பு என்னை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், முதுமையில் திருப்பி அனுப்பியிருக்கிறது. சில்லறையைத் துழாவும் பழக்கம் மட்டும் விடவில்லை. 2011 ஜூன் 30-உடன் நாலணாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் செல்லாமற்போனதால் துழாவ இடம் குறைந்துவிட்டது. பத்து ரூபாய்க் காசு கள்ளக்காசென்று யாரோ கிளப்பிவிட, நம் ஊர்க் கடைகள் நல்ல காசையே மறுத்த வேடிக்கையையும் கண்டேன். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவிக்கவேண்டியிருந்தது. இப்போது பேரன் கைப்பேசியைக் காட்டுகிறான்: இந்த ஐந்து ரூபாய்க்கு இத்தனை இலட்சம், 786 என்று முடியும் நோட்டுக்கு அத்தனை இலட்சம்! முன்பணம் கட்டச்சொல்லும் மோசடி இது. 2021-இல் ரிசர்வ் வங்கியே இதைப்பற்றி மக்களை எச்சரித்தது. 786 நோட்டைப் பணப்பையில் பத்திரப்படுத்தும் நம் குடும்பங்கள்தாம் இதில் எளிதாக விழுகின்றன என்பது என் வருத்தம்.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு நாணய வியாபாரியிடம் அந்த 1911 ரூபாயைக் காட்டினேன். கண்ணாடிவில்லையை வைத்துப் பார்த்து, “தேய்த்திருக்கிறீர்கள், பாய்” என்றார். வெள்ளி விலைக்கு மேல் சிறிதளவே தருவதாகச் சொன்னார். தேய்க்காதிருந்தால் என்ன பெறும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மூதாட்டியின் பேத்தி பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரும் இன்று பாட்டியாகிவிட்டார். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லி, காசையும் குறித்துவைத்த தொகையையும் அவர் முன் வைத்தேன். தொகை இருந்த உறையை அவர் நெடுநேரம் தொடவில்லை. காசைத்தான் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது கடையில் செல்லுமா, காக்கா?”

“செல்லாது” என்றேன். பிறகு அருகில் சென்று, அங்கியின் ஓரத்திலிருந்த அந்த யானையைக் காட்டினேன். புளி போட்டுத் தேய்க்கவேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காசை முந்தானையில் முடிந்துகொண்டார்.