ஊசி போட்டவனும் போடாதவனும்

கோமதி மாரிமுத்து தோஹாவில் தங்கம் வென்ற செய்தி வந்த காலையில் நான் ஆரம்பாக்கத்தில் இருந்தேன். 2019 ஏப்ரல் மாதம். நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடையில் நாளிதழை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டம். 2 நிமிடம் 2.70 விநாடி, திருச்சிக்கு அருகில் முடிகண்டம் என்னும் சிற்றூர்ப் பெண், வயது முப்பது. மகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக அவளுடைய தந்தை மாட்டுக்கு வைத்ததைத் தான் உண்டார் என்ற செய்தியும் அடுத்த சில நாட்களில் எங்கும் பேசப்பட்டது. கடையில் இருந்தவர்களில் பலர் அழும் நிலையில் இருந்தார்கள். நானும்தான்.

அடுத்த மாதமே வேறு செய்தி வந்தது. அவருடைய சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரலோன் என்னும் ஊக்கமருந்தின் தடயம் இருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த போட்டியில் எடுத்த மாதிரியிலும் அது இருந்தது. 2020 ஜூனில், ஊரடங்கு நாட்களில், நான்கு ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது. தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஜூன் மாதத்தில் என் சித்தி மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கைபேசியில் செய்தியைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்குப் போட்டதும் இதான்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எழுந்து, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சொன்னது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரியும் என்பதைப் பதினேழு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதே செய்தி.

எங்கள் பக்கத்துக் குப்பங்களில் ஆடி மாதத் திருவிழாவோடு மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும். ஏரிக்கரை மணலைச் சலித்துப் பரப்பி, கயிறு கட்டி, நான்கு மூங்கில்களில் விளக்குப் போட்டால் அதுதான் ஆடுகளம். தமிழும் தெலுங்கும் கலந்த வர்ணனை விடியும்வரை ஒலிபெருக்கியில் கேட்கும். 2003ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் வந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பாடிப்போகும் ஒரு பையனைக் கட்டணமில்லாமல் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார் என்று முன்பே பேச்சு. எங்கள் குப்பத்தில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. போட்டிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து அவனுக்கு வாரம் ஒரு ஊசி போடப்பட்டது. பயிற்சி தந்த ஒருவர் ஏற்பாடு செய்தார். சத்து ஊசி என்றார். அவனை இருசக்கர வண்டியில் அழைத்துச் சென்றவன் நான். ஊசி மருந்துக்குப் பாதிப் பணம் கொடுத்தவனும் நானே. மருந்துச் சிட்டையில் இருந்த பெயரை நான் படித்தேன். நான் வேதியியல் பட்டதாரி. அது வெறும் சத்து அல்ல என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த இரவு அவன் ஆடிய ஆட்டத்தை ஊர் இன்னும் சொல்கிறது. இறுதியாட்டத்தில் எதிரணியில் பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஒல்லியான உடல், வேகமான கால். அதுவரை கல்லூரி ஆசிரியரின் கண் அவன் மீதுதான் இருந்தது. என் தம்பி அவனை இரண்டு முறை இடுப்போடு தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டான். சுழற்கோப்பை எங்களுக்கு. கல்லூரி இடம் தம்பிக்கு. மறுநாள் சித்தி வீட்டில் இறால் குழம்பு வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

நாண்ட்ரலோன் தீய நோக்கத்தோடு கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அல்ல. நோயால் உடல் தேய்ந்தவர்களுக்கும் சிறுநீரகக் கோளாற்றால் இரத்தசோகை வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் கொடுத்துவந்த மருந்து அது. தசையில் புரதம் சேர்வதை அது விரைவுபடுத்துகிறது. கடும் பயிற்சியால் களைத்த உடல் விரைவில் மீள்கிறது. ஆகவே ஊசி போட்டவன் சும்மா இருந்து பலசாலி ஆவதில்லை. மற்றவனைவிட அதிகமாகப் பயிற்சி செய்ய முடிகிறது. என் தம்பி அந்த இரண்டு மாதமும் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விடியுமுன் எழுந்து ஏரிக்கரையில் ஓடினான். இதுதான் தீர்ப்புச் சொல்வதைக் கடினமாக்குகிறது. உழைப்பு உண்மை. வியர்வை உண்மை. அந்த உழைப்பைத் தாங்கிய உடல் மட்டும் கடன் வாங்கியது.

கடனுக்கு வட்டி உண்டு. வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டதும் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. தசை வேகமாக வளரும்போது அதைத் தாங்கும் தசைநாண் அதே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தம்பியின் முழங்கால் போயிற்று. ஊசியால்தான் போயிற்று என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. விளையாட முடியாதவனுக்குக் கட்டணச் சலுகை இல்லை என்றார்கள். திரும்பி வந்துவிட்டான். ஊசி ஏற்பாடு செய்தவர் அதற்குள் வேறு பையன்களைத் தேடிப் போயிருந்தார்.

கோமதியின் செய்திக்குப் பின் இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தின் கதை என்னை வியக்கவைத்தது. 1998இல் மார்க் மெக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன்கள் அடித்தார். 2001இல் பேரி பாண்ட்ஸ் அதை 73 ஆக்கினார். ஸ்டீராய்டு கூடாதென்று 1991லேயே ஆணையர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆனால் வீரர்களைச் சோதிக்கும் வழக்கம் 2003இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரங்குகள் நிரம்பின. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் பார்க்காமல் இருந்தார்கள். 2007 டிசம்பரில் மிட்செல் அறிக்கை வந்தது. 2010இல் மெக்வயர் ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸ் தெரிந்து பயன்படுத்தவில்லை என்றே சொல்லிவந்தார். அவருடைய 762 ஹோம் ரன்கள் இன்றும் சாதனைப் பட்டியலில் இருக்கின்றன. ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் மட்டும் அவருக்கு இடமில்லை. பத்து ஆண்டுகள் வாக்களித்த விளையாட்டு எழுத்தாளர்கள் 2022இல் கடைசி முறையாக மறுத்தார்கள்.

அங்கே எண் இருக்கிறது, மரியாதை இல்லை. முடிகண்டத்துப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. தோஹாவில் அவர் ஓடிய 2:02.70 இன்று எந்தக் கணக்கிலும் இல்லை; தங்கம் சீனத்து வாங் சுன்யூவுக்குப் போயிற்று. அரங்கை நிரப்பிக் காசு பார்த்தவர்கள் இருக்கும் இடத்தில் சட்டம் மெதுவாக நடக்கிறது. தனியாக ஓடி வந்தவள் மீது விரைவாக விழுகிறது. இப்படி எனக்கு முதலில் தோன்றியது. கோபமும் வந்தது. பாண்ட்ஸை விட்டுவைத்த உலகம் கோமதியை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும்?

அந்தக் கோபத்தோடு இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். அதே தோஹா, அதே 800 மீட்டர், 2006 டிசம்பர். ஆசிய விளையாட்டில் வெள்ளி. சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறந்த உடலோடு ஓடினார். பின்னாளில் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார் என்று படித்தோம். இருவரையும் ஒரே வரியில் வைத்துப் பேசுவோர் உண்டு; நானும் பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது தவறு. இதை எனக்கு விளக்கியது எந்தப் புத்தகமும் அல்ல, என் தாத்தாவின் பாடு முறை.

என் தாய்வழித் தாத்தாவின் ஊர் பழவேற்காடு. அங்கே கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ஏரியில் இறால் பிடிப்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைக்காது. முகத்துவாரத்தின் பக்கம் ஓட்டம் உள்ள இடத்தில் சுத்து வலை கட்டியவனுக்கு நல்ல வரவு. ஒதுங்கிய இடம் வாய்த்தவனுக்குக் குறைவு. ஆகவே குலுக்கல் போட்டு, முறை வைத்து, இடங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். தன் நாளில் ஏரி வெறுங்கையோடு அனுப்பினாலும் தாத்தா யாரையும் குறை சொன்னதில்லை. அடுத்தவனுடைய முறையில் இரவோடு இரவாக வலை கட்டியவனை மட்டும் ஊர்க்கூட்டத்தில் நிறுத்துவார்கள். அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வை மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். குலுக்கலுக்கு வெளியே ஒருவன் தனக்கென்று எடுத்துக்கொள்வதைத்தான் பொறுப்பதில்லை. உடலும் அப்படித்தான். ஒருவருக்கு நீண்ட கால், ஒருவருக்குப் பெரிய நுரையீரல். அது குலுக்கலில் விழுந்தது. சாந்திக்கு விழுந்ததும் அப்படித்தான். ஊசி அப்படி விழுந்ததல்ல.

பாடு முறையைத் தூய்மையானது என்று சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. தலைக்கட்டில் சேர்ந்தவனுக்கே அங்கே குலுக்கல். அந்தச் சாதியில் பிறக்காதவர்கள், கையால் தடவி இறால் பொறுக்கும் இருளர்கள், குலுக்கலுக்குள்ளேயே வர முடியாது. விதி நியாயமாக நடக்கலாம். விதிக்குள் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்தவர்கள் நியாயமாக நடந்தார்களா என்பது வேறு கேள்வி. சாந்தியின் வழக்கு இந்த இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தது. அது இன்னும் முடியவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. என் தம்பியின் வழக்கு முதல் கேள்வியைச் சேர்ந்தது. அவன் குலுக்கலுக்குள் இருந்தான். இருந்துகொண்டே அடுத்தவன் முறையில் வலை கட்டினான். நான் துடுப்புப் போட்டேன்.

எல்லோரும்தானே செய்கிறார்கள் என்பது அடுத்த வாதம். கடற்கரையில் இதைக் கேட்டுச் சலித்திருக்கிறோம். சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. தடைக்குப் பின்னும் போட்டவர்கள் போட்டார்கள்; பிடிபட்டவர்கள், மற்றவனைக் கேளுங்கள் என்றார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் நிபந்தனையோடு அனுமதித்தது. விதியை விவாதித்து மாற்றலாம். விளையாட்டிலும் மாற்றலாம். ஆனால் மாறும்வரை அதை நம்பிச் சிறு வலையோடு போனவன் ஒருவன் இருக்கிறான்.

எல்லோரும் என்ற வாதத்துக்கு எண்களின் துணையும் உண்டு. 2024இல் இந்தியாவில் 7,113 மாதிரிகளைச் சோதித்ததில் 260இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அதிகம் சோதிக்கும் நாடுகளுக்குள் இதுவே மிக உயர்ந்த விகிதம். 2011இல் தொடரோட்டப் பெண்கள் பலர் அகப்பட்டபோது வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஓடியவர்களுக்கு முதலில் ஓராண்டு, மேல்முறையீட்டுக்குப் பின் இரண்டாண்டுத் தடை. உடலில் இருந்தால் பொறுப்பு உனதே என்பதுதான் விதி. கொடுத்தவனை நிரூபிப்பது கடினம், குடித்தவளை நிரூபிப்பது எளிது. இதில் உள்ள கொடுமையை நான் மறுக்கவில்லை. பதக்கத்தைப் பறிப்பது ஒன்று, மனிதரைப் பறிப்பது வேறு. பதக்கம் போனது சரி என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் மாலை போட்டுப் பரிசுப் பணம் நீட்டிய நாம், மறுமாதம் அந்தப் பெயரைச் சொல்லவே கூசியது சரியில்லை.

இப்படியெல்லாம் எழுதி வைத்திருந்தேன். முடிவு மட்டும் வரவில்லை. சென்ற ஆண்டு தம்பியே அதைக் கொண்டுவந்தான்.

பக்கத்துக் குப்பத்து அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியவர். அன்று கல்லூரி இடம் கிடைக்காமல் ஏரிக்கே போனார். இன்று மற்றவர்களுடைய படகில் பங்குக்குப் போகிறார். ஏலம் நடக்கும் இடத்தில் காலையில் தம்பியும் அவரும் எதிர்ப்படுவது வழக்கம். தலையசைப்பு உண்டு, பேச்சில்லை. ஒருநாள் தம்பி அவரை ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டான். அன்று ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடினேன் என்று.

"தெரியும்" என்றாராம் அவர். "எங்க பக்கத்துலயும் ரெண்டு பேரு போட்டாங்க. எனக்கும் கொண்டாந்தாங்க. எங்கம்மா வேணான்னு சொல்லிச்சு, நான் போடல."

தம்பி இதை என்னிடம் சொல்லும்போது ஏலக்கூடையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். எல்லோரும் செய்தார்கள் என்று இத்தனை ஆண்டுகள் நாங்கள் இருவரும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டது அங்கே முடிந்துபோயிற்று. எல்லோரும் செய்யவில்லை. ஒருவர் செய்யவில்லை. கயிற்றுக்கு வெளியே தூக்கிப் போடப்பட்டது அவர்தான்.

இப்போது யாராவது ஊக்கமருந்து பற்றிப் பேசினால் பிடிபட்டவரை நான் அதிகம் நினைப்பதில்லை. பெயர் வெளியே வராத நான்காம் இடத்தை நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் தோற்றோம் என்று தெரியாமலோ தெரிந்தோ வீட்டுக்குத் திரும்பியவரை. அவருக்காகத்தான் விதி. அந்த விதியைக் காப்பவர்களின் பட்டியலில் வண்டி ஓட்டிச் சென்ற அண்ணனும் இருக்க வேண்டியிருந்தது.

அவருடைய மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், நன்றாக ஓடுகிறாள் என்று தம்பி சொன்னான். காலணி வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டான். கேட்டுப் பார், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே என்றேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.