பரண்மேல் இருந்த பிடில்

லண்டனில் இருக்கும் என் பெண், ஒரு கோடையில் என்னை ஆல்பர்ட் ஹாலுக்குக் கச்சேரி கேட்க அழைத்துப் போனாள். மேடைக்குப் பின்னால் ஒரு வெண்கலத் தலை. "அது யாரடி?" என்று கேட்டேன்.

"ஹென்றி உட். இந்த 'பிராம்ஸ்' கச்சேரிகளை ஆரம்பித்தவர். குண்டு விழுந்த இடிபாட்டிலிருந்து எடுத்த சிலை, அம்மா" என்றாள்.

அதற்குமேல் எனக்குச் சங்கீதத்தில் மனம் செல்லவில்லை!

1895-ல் அந்தக் கச்சேரிகள் தொடங்கியது லாங்ஹாம் பிளேஸில் இருந்த குவீன்ஸ் ஹாலில். 1941 மே 10, சனிக்கிழமை. இரவில் விமானங்கள் வரும் என்று கச்சேரியைப் பகலிலேயே வைத்துக்கொண்ட காலம். அன்று மத்தியானம் எல்கரின் பெரிய பாட்டு ஒன்று. நடத்தியவர் மால்கம் ஸார்ஜென்ட். முடிந்ததும் லண்டன் பில்ஹார்மானிக் கோஷ்டியில் பலர் வாத்தியங்களை ஹாலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றிரவு கூரைமேல் தீக்குண்டு விழுந்தது. ஊரெங்கும் நெருப்பு. குழாய்கள் உடைந்து கிடந்தன. தேம்ஸ் நதியிலும் நீர் வற்றிய நேரம். விடியும்போது ஹாலும் இல்லை, வாத்தியங்களும் இல்லை.

விளையாட்டு மைதானங்களும் தப்பவில்லை. 1940 அக்டோபரில் விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் குண்டு விழுந்து 1,200 ஆசனங்கள் போயின. யுத்த காலத்தில் அந்தக் கிளப்பில் பன்றியும் கோழியும் வளர்த்தார்களாம்! ஆனாலும் 1946-ல் மறுபடி பந்தயம் நடந்தது. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் அரை இறுதி ஆடியது அங்கேதான். ஆசனத்தைத் திரும்பப் போட்டுவிடலாம். கை பழகிய வாத்தியத்துக்கு எங்கே போவது?

வானொலியில் வேண்டுகோள் விடுத்தார்கள். ஜனங்கள் தங்கள் வீட்டு வாத்தியங்களை அனுப்பினார்கள், வந்து குவிந்தனவாம்! தலைக்குமேல் குண்டு விழுகிற ஊரில், அவற்றில் எத்தனை பிடில்கள் யார் யார் ஞாபகமாகப் பெட்டியில் தூங்கியிருந்தனவோ?

எங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அக்காவுடையது. அவள் போய் நாற்பது வருஷம். சரஸ்வதி பூஜையன்று இறக்கிச் சந்தனம், குங்குமம் இட்டு, மறுநாள் ஏற்றிவிடுவேன். தெருக்கோடியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள் இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

"சும்மாத்தானே இருக்கு, மாமி? இந்தக் குழந்தை நன்றாக வாசிக்கிறாள். வாங்க வசதியில்லை."

"அது அக்காவுடையதாச்சே!" என்று இரண்டு முறையும் கதவைச் சாத்தாத குறையாக அனுப்பினேன்.

ஊர் திரும்பிய வாரமே பெட்டியை இறக்கினேன். தந்தி அறுந்திருந்தது, வில்லில் ஒரு மயிர் பாக்கியில்லை. பழுது பார்க்க ஆன செலவைக் கேட்டு இவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்!

இப்போது சாயங்காலத்தில் ஸரளி வரிசை காதில் விழுகிறது. அபஸ்வரம்தான். அக்காவும் ஆரம்பத்தில் அப்படித்தான் வாசித்தாள்.

பெட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.