வைகைக் கரையின் நடுகற்கள்

பிரான்ஸ் தேசத்தின் மேற்குக் கடலோரத்தில் கர்னாக் என்னும் ஊரருகே 3,000க்கும் மேற்பட்ட நெடுங்கற்கள் அணிவகுத்து நிற்கின்றன. அதற்கு அண்மையில் எர் லானிக் என்னும் சிறு தீவில் ஆதிமாந்தர் அமைத்த இரண்டு கல்வட்டங்களுள் ஒன்று, கடல்மட்டம் உயர்ந்தமையால் நீருக்குள் மூழ்கிவிட்டது. நம் பாரத தேசத்திலும், வட கர்நாடகத்துச் சகாபூரை அடுத்த விபூதிஹள்ளியில் பாறைக்கற்கள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயரான மெடோஸ் டெய்லர் கண்டு எழுதினார். சூரியகதியைக் கணிப்பதற்கோ, மாண்டோரை நினைப்பதற்கோ, எதன்பொருட்டு இவை நிறுத்தப்பட்டன என்பது இன்றளவும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. நிறுத்திய மக்களிடம் எழுத்து இருக்கவில்லை.

எழுத்துடைய கற்களோ நம் வைகைக் கரையில் கிடைத்திருக்கின்றன. மதுரைச் செல்லூரிலிருந்து வைகையின் போக்குக்கு எதிராக மேற்கே சென்றால், ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் இருக்கிறது. பெருங்கற்கால ஈமக்காடாகிய அவ்விடத்தில், 2006ஆம் ஆண்டில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் அவர்களின் குழுவினர் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உடையவை. வில்லேந்திய வீரனின் உருவமோ, வீரசுவர்க்கக் காட்சியோ அவற்றில் இல்லை. ஆயினும், அதுகாறும் தொன்மையானவை எனப் போற்றப்பட்ட செங்கம், தருமபுரி நடுகற்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை, கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியவை என்று எழுத்தமைதி காட்டுகின்றமையால், நம் சரித்திரத்தில் அவை பெற்ற ஸ்தானம் சாமானியமானதன்று.

அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலை, அதாவது ஆநிரை கவரும் போரைச் சுட்டி, தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் எனத் தன்னை அறிவிக்கிறது. அச்சாசனத்தில் மன்னர் பெயர் எதுவும் இல்லை. மாட்டு மந்தைக்காக நடந்த பூசலில் உயிர் நீத்த ஒரு மனிதனுக்காக, எழுத்தறிந்த ஒருவன் உளி பிடித்தான் என்பதே என் மனத்தைப் பெரிதும் உருக்குகிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது; புலவர்கள் வெறுங் கற்பனையில் அதனைப் புனையவில்லை என்பதற்கு இக்கற்களினும் மேலான அத்தாட்சி வேறென்ன வேண்டும்? செல்லூர்த் திருவாப்புடையார் கோயிலின் ஸ்தலபுராணமும், அமைச்சன் தரையில் அறைந்த ஆப்பையே அரசன் சிவலிங்கமாகக் கருதி வழிபட்டான் என்றே கூறுகிறது. நட்டதைத் தொழும் வழக்கம் இம்மண்ணில் அத்துணை ஆழமானது.

திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் இத்தகைய எழுத்துக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. உழவுக்காகவும் கல்லுடைப்புக்காகவும் ஈமக்காடுகள் அழிந்துவரும் இந்நாளில், வயல் வரப்பிலும் கிணற்று மேட்டிலும் கிடக்கும் பழைய பலகைக்கற்களைப் புரட்டிப் பாராமல் உடைத்துவிடுதல் ஆகாது. ஊர்தோறும் அவற்றைக் கணக்கெடுக்கும் பணியை, வருஷநாட்டு மலையடிவாரம் தொடங்கிச் சோழவந்தான் வரையேனும், தொல்லியல் துறை தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.