தமிழிலும் தடுமாறுகிறானா?

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கேட்டால், "புதிதாக வந்த பிள்ளைதானே, ஆங்கிலம் வரட்டும்" என்பார்கள். ரொறன்ரோவில் எங்கள் மகன் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்களுக்கும் அதுதான் பதில். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களோ, பெடியன் குழப்படி, செல்லம் கூடிவிட்டது என்றார்கள். ஒருவர் அவன் காதுபடவே "மொக்கு" என்றார். அவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

ஆங்கிலம்தான் காரணம் என்றால் தமிழ் வாசிக்க வரவேண்டும். ஊரில் இரண்டு வருடம் படித்தவன். ஊர்ப் புதினம் ஒன்றும் விடாமல் சொல்லுவான். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் பாடமாக்கியதை ஒப்புவித்தான், விரல் வேறு வரியில் நின்றது. "கடல்" என்பதில் "க"வை எடுத்தால் என்ன மிச்சம் என்று கேட்டோம். விழித்தான். ஐந்து வயதுத் தங்கச்சி "டல்" என்று சிரித்தாள். ண, ன, ந மாறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் (ஏன், எங்களுக்கும்) உள்ளதுதான். இரண்டு மொழியிலும் எழுத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் நிற்பதைத்தான் கவனிக்கவேண்டும். டிஸ்லெக்சியா என்று இதற்குப் பெயர். புத்தி குறைந்ததால் வருவதில்லை, இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். ஓஹிப் அட்டை உள்ள பிள்ளைகளுக்கு 19 வயது வரை வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனை இலவசம்.

பிறகு கடிதம். வாயால் மூன்று தரம் கேட்டோம், தலையாட்டினார்கள். ஒன்ராறியோவின் 181/98 இலக்க விதிப்படி, பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் பிள்ளையை ஐ.பி.ஆர்.சி. என்ற குழுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும். 15 நாளுக்குள் பெற்றோர் கைநூலும், கூட்டம் ஏறத்தாழ எப்போது என்ற பதிலும் தரவேண்டும். இரவு ஷிப்ற் முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து எழுதினோம். நாலே வரி. எங்கள் பள்ளிக்கூட ஆங்கிலம் அதற்குப் போதும். திகதி போடுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடுவது பாவம். விளங்காத தாளில் அங்கேயே கையெழுத்து வைக்கவேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து யோசிக்கலாம். ஆனால் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் மேன்முறையீடு செய்யவேண்டும். பேசாமல் இருந்தால் அவர்கள் முடிவே நடைமுறைக்கு வந்துவிடும்.

தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பிள்ளையின் தேவைக்குப் பொருந்தி, பெற்றோரும் விரும்பினால், வழமையான வகுப்பையே குழு முதலில் பார்க்கவேண்டும். பின்னுக்குக் கலியாணம் பேசும்போது இடைஞ்சலாகும் என்று ஒரு அக்கா சொன்னா. எட்டு வயதுப் பெடியனுக்கு!

குழு கூடும்வரை காத்திராமல் ஐ.ஈ.பி. என்ற தனிக் கல்வித் திட்டத்தையும் கேட்கலாம். உளவியலாளரின் சோதனையைப் பள்ளிச் சபை இலவசமாகச் செய்யும், வரிசைதான் நீளம். வெளியில் செய்தால் ஆயிரக்கணக்கில் டொலர் போகும்; எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது.

2022 பெப்ரவரியில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, வாசிக்கப் படிப்பிக்கும் முறை பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று அறிக்கை வெளியிட்டது. 2023–24 கல்வியாண்டிலிருந்து பாலர் வகுப்பின் இரண்டாம் வருடம் முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புச் சோதனை கட்டாயம். மூன்றாம் வகுப்பிலோ அதற்கு மேலோ வந்து சேரும் எங்கள் பிள்ளைகள் அதற்குள் அகப்படமாட்டார்கள். அவர்களுக்காகப் பெற்றோர்தான் கேட்கவேண்டும்.

மகனுக்கு இப்போது ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகப் பொருத்திப் பழக்குகிறார்கள், சோதனைகளுக்குக் கூடுதல் நேரமும் உண்டு. ஆங்கிலம் இன்னும் பிந்தித்தான் நிற்கிறது. போன கிழமை தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் பையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தான், பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் கடிதத்தின் பிரதி வேண்டுபவர்கள் சஞ்சிகைக்கு எழுதிக் கேளுங்கள், தருகிறோம்.