ஒன்றேகால் கிலோ வித்தியாசம்

ஆடி மாதம் பிறந்தால் எங்கள் நாட்றம்பள்ளியில் ஒரு பக்கம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். இன்னொரு பக்கம் பொறியியல் கலந்தாய்வு நடக்கும். எந்தக் காலேஜ், எந்தக் குரூப் என்ற பேச்சு ஓய்ந்ததும் அடுத்த பேச்சு ஆரம்பிக்கும்: எந்த லேப்டாப்? 2025இல் அந்தப் பேச்சு எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்தது. ஒரு மாதம் ஓடிய பஞ்சாயத்து அது. அதில் தெரிந்துகொண்டது வேறு சில வீடுகளுக்கும் உபயோகப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் தங்கை பேத்தி அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. "பொம்பளப் பிள்ளைக்கு மெக்கானிக்கலா?" என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அவளுடைய அம்மா, அதாவது என் தங்கை மகள், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். விடிந்ததும் கம்பெனி பஸ் வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். தையல் மெஷின் பழுதானால் மெக்கானிக் வந்து பிரித்துப் போடுவதை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த பெண் அவள். மெக்கானிக்கல் எடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உள் ஒதுக்கீட்டில் போகிற பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆக, கையிலிருந்து போகவேண்டிய பெரிய செலவு லேப்டாப் ஒன்றுதான். அதற்காக அவளுடைய அம்மா இரண்டு வருடமாகக் கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்திருந்தாள். 60,000 ரூபாய். என் பென்ஷன் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சிரிக்காதீர்கள், என்னால் அதன் மேல் பெரிதாக ஒன்றும் போட முடியாது.

டீக்கடையில் முதலில் வந்த யோசனை, "வாங்கவே வாங்காதீங்க, கவர்மென்ட்டே குடுக்கும்" என்பது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் பக்கம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட கம்ப்யூட்டர் அதுதான். 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இன்றைய கணக்குக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துப் படித்து பெங்களூரில் வேலையில் உட்கார்ந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. 2025 மார்ச் பட்ஜெட்டிலும், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாக அறிவித்தார்கள்.

காத்திருக்கலாம்தான். "நம்ம முறை எப்ப வரும்னு தெரியாது மாமா. சீட்டுப் பணம் வீட்ல தங்காது. ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரின்னா கரைஞ்சிடும்" என்றாள் பேத்தியின் அம்மா. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பொருளாதாரம் கிடையாது. வாங்கிவிடுவது என்று முடிவானது.

அடுத்தது எதை வாங்குவது. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் ஒரே பிடியாக நின்றான். "மெக்கானிக்கல்னா கேட் சாஃப்ட்வேர் ஓடணும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற கேமிங் லேப்டாப்தான் வாங்கணும். லேசா இருக்கறது சினிமா பாக்கத்தான் ஆவும். நாலு வருஷம் தாங்க வேணாவா?" அவன் காட்டிய மாடல் 72,000 ரூபாய். வாணியம்பாடிக் கடைக்காரரும் அதையே ஆமோதித்தார். மிச்சம் 12,000 ரூபாய்க்கு மாதத் தவணை போட்டுக்கொள்ளலாம் என்றார். வேறொருவர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்பெனி லேப்டாப் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார். கிடைக்கும், நல்லதும் கிடைக்கும். ஆனால் பேட்டரி எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ரிப்பேருக்கு ரயில் ஏற வேண்டும். அதை ஒதுக்கிவிட்டோம்.

இந்த எடை விவகாரம் புதிதல்ல. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரைத் தூக்கிச் செல்லக்கூடியது என்று விற்றார்கள். அதன் எடை கிட்டத்தட்ட 11 கிலோ! 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அது 1.36 கிலோ. எடையைக் குறைப்பதற்காக அதில் சிடி போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். ஒன்றைக் குறைத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்பது அன்றிலிருந்து மாறவில்லை.

எனக்கு இது தோல் தொழிலில் பழகிய சங்கதி. 31 வருடம் டேனரியில் டெஸ்பாட்ச் கணக்கில் இருந்தவன் நான். தோலின் தடிமனை அங்கே 'சப்ஸ்டன்ஸ்' என்போம். சட்டைத் தோல் 0.6, 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஷூவின் மேல்பாகத்துக்கு 1.2லிருந்து 1.4 வரை கேட்பார்கள். அடிப்பாகத்துக்கு 4 மில்லிமீட்டருக்கும் மேலே போகும். தடிமனான தோல்தான் உசத்தி என்று எந்த பையரும் சொன்னதில்லை. கேட்டது 1.2 என்றால், 2 மில்லிமீட்டர் தோலை அனுப்பினாலும் திருப்பித்தான் அனுப்புவான். எதற்கு என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு என்ற கேள்வி.

அதனால் பேத்தியிடம் ஒரு வேலை சொன்னேன். அந்தக் கல்லூரியிலேயே மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கும் யாரையாவது பிடித்து, லேப்டாப்பில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு வா என்றேன். பள்ளியில் அவளுக்கு மூத்த மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் சொன்னது இது. தினசரி வேலை பாடக்குறிப்பு, அசைன்மென்ட், கொஞ்சம் பைத்தான் நிரல், பிறகு கேட் வரைபடம். ஒரு சிறிய பாகத்தையோ பத்து இருபது பாகம் சேர்ந்த ஒரு அமைப்பையோ வரைவதற்குத் தனி கிராஃபிக்ஸ் தேவைப்படவில்லை. திணறுவது ராம் குறைவாக இருக்கும்போதுதான். பாரம் ஏற்றினால் ஒரு பாகம் எங்கே உடையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆய்வுக்குத்தான் உண்மையில் பலம் வேண்டும். அதைக் கல்லூரி லேபில் செய்துகொள்கிறார்கள். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் அவள்தான் சொன்னாள்.

உறவுக்காரப் பையன் சொன்னதும் பொய்யில்லை. சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருளுக்கு 16 ஜிபி ராம் வேண்டும் என்று அந்தக் கம்பெனியே பரிந்துரைக்கிறது. 8 ஜிபியை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்ட முடியாது. ஆனால் ராம் வேறு, கிராஃபிக்ஸ் கார்டு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பவர்' என்று விற்கிறார்கள். நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேமிங் லேப்டாப்பின் இன்னொரு விஷயத்தையும் அந்தப் பெண் சொல்லித்தான் யோசித்தோம். அதன் பலம் முழுவதும் சார்ஜர் செருகியிருக்கும்போதுதான். பேட்டரியில் ஓடும்போது அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வகுப்பறையில் பெஞ்சுக்கு ஒரு பிளக் வைத்திருக்கிறார்களா என்ன? போதாக்குறைக்குச் சூடு. லேசான லேப்டாப்புகளில் வரும் புராசஸர்கள் பெரும்பாலும் 15 வாட் கணக்கில் செய்தவை. பலமானவற்றில் வருபவை 45 வாட்டும் அதற்கு மேலும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் பெரிய ஃபேன், தடித்த உடம்பு, இத்தனை கனமும். பேத்தி வீடு சிமென்ட் ஷீட் போட்ட வீடு. சித்திரை, வைகாசியில் அங்கே மனிதனே மத்தியானத்தில் உட்கார முடியாது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் எந்த ஃபேன் எதைக் குளிரவைக்கும்? சூடு தாங்காமல் புராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டால், 72,000 ரூபாய்க்கு வாங்கிய வேகம் மே மாதத்தில் வேலைக்கு ஆகாது.

அடுத்து எடை. இதைப் பேசிப் பிரயோஜனமில்லை, போட்டுப் பார்ப்போம் என்று பேத்தியின் பையை எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் சிரித்தார், ஆனால் வைக்க விட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ. டிபன் பாக்ஸ், நோட்டுப் புத்தகங்கள், குடை, பை எல்லாம் சேர்த்து 3.7 கிலோ வந்தது. லேசான லேப்டாப் ஒன்றரை கிலோ, சார்ஜர் கால் கிலோ. மொத்தம் 5.45. கேமிங் லேப்டாப் 2.4 கிலோ, செங்கல் மாதிரியான அதன் சார்ஜர் 600 கிராம். மொத்தம் 6.7. வித்தியாசம் ஒன்றேகால் கிலோ.

"ஒண்ணேகால் கிலோவா ஒரு கனம்?" என்றான் பெங்களூர்ப் பையன். அலுவலகத்துக்குக் கேபில் போய் வருகிறவன். காலையில் கிருஷ்ணகிரி பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் நின்று போகவேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான். நாள் முழுக்கக் குனிந்து தைத்துத் தோள்பட்டை போன ஒரு பெண்ணின் மகள் அவள். வீட்டில் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவளும் அவள்தான். இன்னொன்றும் உண்டு. கனமாக இருந்தால் நாளாவட்டத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டிலேயே இருக்கப்போகிற லேப்டாப்புக்கு டெஸ்க்டாப்பே வாங்கியிருக்கலாம், அதே பணத்துக்கு இன்னும் பலமாகவே கிடைக்கும்.

இத்தனை பேச்சிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் தனியாகக் கேட்டேன், உனக்கு எது வேண்டும் என்று. எடையைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அவள் சொல்லவில்லை.

"தவணை மட்டும் வேணாம் தாத்தா. மாசம் ஆயிரம்னு ஒரு வருஷம் கட்டணும்னா புதுமைப் பெண் காசு அப்படியே அதுக்குப் போயிடும். அது என் கைல இருந்தா பஸ்ஸுக்கு, ஜெராக்ஸுக்கெல்லாம் அம்மாகிட்ட கேக்காம இருப்பேன். பர்ஸ்ட் இயர்லயாவது கேக்காம இருக்கணும்."

மாதம் 1000 ரூபாயின் பெறுமானம் எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அரசாங்கம் படிப்புக்கென்று கொடுப்பது ஒரு பெண்ணுக்கு, கையேந்தாமல் இருக்கும் உரிமையாகப் போய்ச் சேருகிறது. அதை ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்துவிடலாமா? பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைக்கு மூன்று பேரும் போனோம். பேத்தியே கேட்டாள்: "அண்ணா, இதுல ராம் ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல போர்டுலயே ஒட்டினதா?" கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது முக்கியமான கேள்வி. மெலிதான பல லேப்டாப்புகளில் ராமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது. நாங்கள் எடுத்தது 14 அங்குலம், ஒன்றரை கிலோ, 512 ஜிபி எஸ்எஸ்டி. ராம் 8 ஜிபி பற்றவைத்தது, கூடவே ஒரு ஸ்லாட் காலி. அதில் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்கினோம். ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 53,500 ரூபாய். மிச்சம் 6,500இல் வரைபலகைச் சாமான்கள், மழைக்குத் தாங்கும் ஒரு நல்ல பை, கால்குலேட்டர்.

பெட்டியைப் பிரித்ததும் அவள் அம்மா லேப்டாப்பைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "இன்னா மாமா, இவ்ளோ லேசா கீது? அம்பத்தி மூணாயிரம் ரூபாய்க்கு இதானா?" நம் ஜனங்களுக்குப் பொருள் என்றால் கனம். பித்தளைக் குடமானாலும் நகையானாலும் கையில் கனத்தால்தான் மனசு ஒப்பும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளெல்லாம் ஷூவைக் கையில் எடுக்கிறவள் அவள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "லேசா இருக்கற ஷூவுக்குத்தான் வெளிநாட்டுக்காரன் அதிகமா குடுக்கறான்."

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை, தினமும் தூக்க வேண்டாம், வீடியோ எடிட்டிங்கோ அனிமேஷனோ கட்டட வடிவமைப்போ படிக்கிறது என்றால் பலமான லேப்டாப்தான் சரி. அங்கே லேசானதை வாங்கிக் கொடுத்துத் திண்டாட விடக்கூடாது. எது உங்கள் பிள்ளைக்கு என்று தெரிய, கடைக்குப் போவதற்கு முன் நான்கு கேள்வி போதும். அதே படிப்பில் மூன்றாம் வருடம் இருக்கும் பிள்ளை எதை வைத்திருக்கிறது? தினமும் எவ்வளவு தூரம், எப்படித் தூக்கிப் போகவேண்டும்? ராமைப் பிறகு கூட்ட முடியுமா? கையில் இருக்கும் பணத்துக்கு மேலே போகிற தொகையை மாதாமாதம் யார், எதைக் குறைத்துக்கொண்டு கட்டப்போகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கான பதிலைப் பிள்ளையிடமே கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார்கள்.