வாறுகால் ஓரத்து வாகை

மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நின்ற வாகை மரம் விழுந்ததற்கு, அந்த வீட்டுக்காரர் ஊற்றிய சோப்புத் தண்ணீர்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பொய். வீட்டுத் தண்ணீர் ஓடும் என் வாறுகால் நேராகப் போகவேண்டும் என்று, குறுக்கே கிடந்த தொடை மொத்த வேரைக் கோடாலியால் வெட்டி மண்ணைத் தள்ளி மூடியவன் நான். ஆடித்தபசுக்கு அவர்கள் சங்கரன்கோவில் போன நேரம் பார்த்து வெட்டினேன்.

சில வருஷம் கழித்து அடிமரத்தில் தட்டுக் காளான் வந்தது. வார்னிஷ் அடித்தது போலச் செம்பழுப்பு மினுக்கம், விளிம்பில் வெள்ளை, மேலே காபிப்பொடி நிறத்தில் தூள்.

"என்ன அண்ணாச்சி, வாகையில தட்டு தட்டா என்னமோ மொளைச்சிருக்கு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"மழைக்கு மொளைக்கதுய்யா, ஒண்ணுமில்ல."

தாவரவியல் படித்தவன் சொன்ன பதில் இது. அது கேனோடெர்மா. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைகளைத் தாக்கி, 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர் வாங்கிய அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமான பேரினம். வேம்பு, புங்கு, வாகை எதையும் விடாது. காயம்பட்ட வேர் வழியாக நுழைந்து, கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையே தின்னும். தட்டு வெளியே தெரியும்போது உள்ளே கட்டை பஞ்சாகியிருக்கும். இலை மட்டும் பச்சையாக நின்று ஏமாற்றும். அப்போதே ஆளை விட்டு மரத்தை இறக்கியிருக்கலாம். நான் தட்டை உடைத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் சிமெண்டைப் பூசினேன். பூச்சு நோய்க்கு அல்ல, அவர் கண்ணுக்கு.

ஐப்பசிக் காற்றில் மரம் அவருடைய மாட்டுக்கொட்டகைத் தகரத்தின்மேல் சாய்ந்தது. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் தப்பியது. சோப்புத் தண்ணீர்க் கதையை அவரும் நம்பிவிட்டார் பாவம்; மரம் அறுத்த கூலியில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

இப்போது அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுக்கவேண்டும். மண்ணில் கிடக்கும் வேரில் இந்தக் காளான் வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். அவர் கொல்லைத் தென்னைகளோ பக்கத்திலேயே நிற்கின்றன. தென்னைக்கு அஞ்சு கிலோ வேப்பம்புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா பூஞ்சை கலந்து போடச் சொல்லி, நானே வாங்கியும் கொடுத்தேன். ஆனால் ஜேசிபி கூப்பிடலாமா என்று அவர் கேட்கும்போதெல்லாம், ஈரம் காயட்டும் என்கிறேன். தோண்டினால், என் வாறுகால் ஓரமாக அந்த வேர் மொட்டையாக முடிவது தெரிந்துவிடும்.