கேளாத வினா

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் ஒரு மாணாக்கன் இருந்தான். அறிவில் அவன் எவருக்கும் குறைந்தவன் அல்லன். வினாவை நாம் முடிக்குமுன்னரே விடை சொல்லிவிடுவான். ஆனால், தொடங்கிய கட்டுரையை முடித்ததில்லை; கொப்பியைத் தொலைப்பான்; இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளான். பலர் முன்னிலையில் அவனைச் ‘சோம்பேறி’ என்று பழித்தோம். “செய்யத்தான் நினைக்கிறன், சேர், ஏலாமல் கிடக்கு” என்றான். அதனைச் சாக்கு என்றே கொண்டோம். பரீட்சைக்கு முன்னரே அவன் கல்லூரியை விட்டு நீங்கினான்.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு பற்றிப் பின்னர் நூல்களிற் படித்தபோது அவன் முகமே எம்முன் நின்றது. மருத்துவர் ஆராயாத ஒன்றை நாம் துணிந்து கூறுதல் தகாது. ஆயினும், எமது நெஞ்சு எம்மைச் சுட்டது.

இக்கோளாறுடைய இளைஞர்க்கு மருந்தோடு அறிகை நடத்தைச் சிகிச்சையும் அளிப்பதுண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், மருந்து உட்கொண்டும் இடர் தீராத 14 முதல் 18 வயது வரையான 46 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். பன்னிரு அமர்வுகளின் பின் அவர்தம் இடர் குறைந்ததென 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அங்கே கற்பிப்பது யாது? செய்யவேண்டியவற்றை ஒரே கொப்பியில் எழுதுதல். பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பகுத்தல். தன் கவனம் எத்தனை நிமிடம் நிலைக்கும் என்று அளந்து, அவ்வளவுக்கே மணிக்கூட்டை வைத்துப் படித்தல். வேறு நினைவு எழுந்தால் அதன்பின் ஓடாது, தாளிற் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புதல். ‘என்னால் ஆகாது’ என்னும் எண்ணம் மெய்தானா என்று ஆராய்தல்.

கொப்பிக்கும் மணிக்கூட்டுக்கும் பெருஞ்செலவில்லை. அரியது, பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுமையான ஒரு மணி நேரமே. செல்வ நாட்டில் அதனை உளவியலாளர் தருகிறார். வறிய நாட்டிலே தருபவர் யார்?

பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் சுகாதாரப் பணிப்பெண்களே இச்சிகிச்சையின் முறைகளைப் பயின்று, உளச்சோர்வுற்ற தாய்மாரின் வீடு தேடிச் சென்றனர். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது நூற்றுக்கு 23 தாய்மாரிடமே அந்நோய் எஞ்சியிருந்தது. பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சென்ற வீடுகளிலோ அத்தொகை 53. இக்கணக்கு 2008இல் வெளியாயிற்று. அது வேறு நோய்தான். எனினும், உளவியலாளர் இல்லாத ஊருக்கும் இம்முறைகளைக் கொண்டு செல்லலாம் என்பதற்கு அது சான்று.

நோயை அறிதலும் மருந்து கொடுத்தலும் மருத்துவர் கடன். அவ்விடத்தில் ஆசிரியர் அமர்தல் கூடாது. ஆனால், பெரிய பாடத்தைச் சிறு படிகளாக்கித் தருதல் எமது தொழிலே அன்றோ? இன்று தடுமாறும் மாணாக்கரோடு, கல்லூரி முடிந்தபின் சிறிது நேரம் கொப்பியை விரித்து அமர்கிறோம்.

பெற்றோரே, “ஏன் செய்யவில்லை?” என்று அதட்டுமுன், “எந்த இடத்தில் நின்றுபோயிற்று?” என்று கேளுங்கள். அந்த மாணாக்கனிடம் நாம் கேளாமற்போன வினா அது.